பண்பாட்டு மூலதனம்: மதிப்பெண் போடுகிறவரிடமிருந்து தொடங்குங்கள்

கேள்வி: அரசு கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பி.ஏ. சமூகவியல் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். பெரும்பாலோர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியுவின் பண்பாட்டு மூலதனம் (வீட்டிலிருந்து ஊறிவரும் அறிவும் பழக்கமும் சொத்தைப் போல அனுகூலம் தருவது) வந்தால் மூன்று வகைகளையும் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். ‘அப்படின்னா என்னப்பா?’ என்று கேட்டால், ‘பணக்காரங்ககிட்ட கல்ச்சர் இருக்கு சார், நம்மகிட்ட இல்ல’ என்கிறார்கள். இதை எப்படிப் புரியவைப்பது?

பதில்:

மாணவர்களை நொந்துகொள்ள வேண்டாம். பாடத்திட்டம் அடுக்கிவைத்திருக்கும் வரிசையில் போனால் யாராக இருந்தாலும் அந்தப் பதிலுக்குத்தான் வந்து சேருவார்கள். முதலில் வரையறை. அடுத்து மூன்று நிலைகள்: உடலிலும் மனதிலும் ஊறியது, பொருளாக இருப்பது, சான்றிதழாக நிறுவனம் தந்தது. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு, கடைசியில் இரண்டு விமர்சனம். இந்த மூன்று நிலைகளைப் பற்றிய சிறு கட்டுரையைப் பியேர் பூர்தியு வெளியிட்டது 1979இல். அதற்கு முன் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் பிரெஞ்சுப் பள்ளிகளையும் பல்கலைக்கழகங்களையும் தோண்டித் துருவிக்கொண்டிருந்தார். நாம் அந்தத் தேடலை விட்டுவிட்டு விடையை மட்டும் கையில் திணிக்கிறோம். கேள்வி என்னவென்றே தெரியாதவர் விடையை மனப்பாடம்தான் செய்ய முடியும்.

மாணவரிடம் என்ன இருக்கிறது, அவர் வீட்டில் என்ன இல்லை என்று கணக்கெடுப்பதில் தொடங்காதீர்கள். மதிப்பெண் போடுகிறவரிடமிருந்து தொடங்குங்கள். பள்ளிக்கூடம் தான் சொல்லித்தராத ஒன்றை மாணவரிடம் எதிர்பார்க்கிறது. அதை வீட்டிலிருந்தே கொண்டுவருகிறவருக்குப் ‘புத்திசாலி’ என்று பட்டம் கொடுக்கிறது. பூர்தியுவின் கல்விச் சமூகவியலில் பாதி இதற்குள் அடங்கும். மீதிப் பாதி, ஏன் யாருக்கும் இது அநியாயமாகத் தெரிவதில்லை என்பது.

முதல் வகுப்பில் ‘மூலதனம்’ என்ற சொல்லையே எடுக்க வேண்டாம். ஒரு புதிரைப் போடுங்கள். 1960களின் தொடக்கத்தில் பிரான்சில் பல்கலைக்கழகக் கட்டணம் பெயரளவுக்குத்தான். பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரேயாவில் தேறினால் போதும், உள்ளே போகலாம். ஆனாலும், உயரதிகாரியின் மகனுக்குப் பல்கலைக்கழகம் போகும் வாய்ப்பு, பண்ணைக் கூலியாளின் மகனைவிட 80 மடங்கு அதிகம். ஆலைத் தொழிலாளியின் மகனைவிட 40 மடங்கு அதிகம். பூர்தியுவும் ழான்-குளோத் பாஸ்ரோனும் 1964இல் வெளியிட்ட ‘வாரிசுகள்’ என்ற நூலின் தொடக்கத்திலேயே இந்தக் கணக்கு வருகிறது. கரும்பலகையில் 80, 40 என்று எழுதிவிட்டு, ‘ஏன்?’ என்று கேளுங்கள்.

பதில்கள் மளமளவென்று வரும். காசு இல்லை, வேலைக்குப் போக வேண்டியிருக்கும், டியூஷன் இல்லை, ஊரில் பள்ளி இல்லை. எல்லாமே சரியான பதில்கள்தான், ஒன்றையும் தள்ளாதீர்கள். பூர்தியுவும் தள்ளவில்லை. அப்புறம் இரண்டாவது முடிச்சை அவிழ்க்கச் சொல்லுங்கள்: இத்தனையும் தாண்டிப் பல்கலைக்கழகத்துக்குள் வந்துவிட்டவர்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரே துறை, ஒரே வகுப்பு. அவர்களிடம் பூர்தியுவும் பாஸ்ரோனும் நாடகம், இசை, ஓவியம், ஜாஸ், சினிமா பற்றிக் கேட்டார்கள். பள்ளியில் சொல்லிக்கொடுத்த செவ்வியல் நாடகங்களில் எளிய வீட்டுப் பிள்ளைகள் அவ்வளவாகப் பின்தங்கவில்லை. பள்ளி தொடாத விஷயங்களுக்குப் போகப் போக இடைவெளி விரிந்துகொண்டே போனது. சரி, பள்ளி தொடாததைத் தெரிந்துகொள்ளாவிட்டால் என்ன நஷ்டம் என்று உங்கள் வகுப்பில் யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டும். பாடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நஷ்டம் என்னவென்றால், ஆசிரியர் விடைத்தாளை மட்டும் திருத்துவதில்லை, ஆளையும் சேர்த்துத்தான் திருத்துகிறார். பூர்தியு 1975இல் மொனீக் த சேன்-மார்த்தானோடு சேர்ந்து எழுதிய ஓர் ஆய்வு இதற்குக் கையடக்கமான சான்று. பாரிஸில், உயர்கல்வி நிறுவனங்களின் போட்டித் தேர்வுக்கு மாணவிகளைத் தயார்படுத்தும் வகுப்பு ஒன்று. அங்கே தத்துவம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு மாணவிக்கும் ஓர் அட்டை வைத்து, மதிப்பெண்ணோடு இரண்டு வரிக் கருத்தும் எழுதிவந்தார். அந்த அட்டைகளை மாணவிகளின் குடும்பப் பின்னணியோடு ஒப்பிட்டார்கள். ஒரே மதிப்பெண் வாங்கிய இருவரில், எளிய பின்னணி உள்ளவருக்கு விழுந்த சொற்கள் கடுமையாக இருந்தன. கீழே ‘மந்தம்’, ‘வெகுளித்தனம்’. நடுவில் ‘கவனமானவர்’, ‘உழைப்பாளி’. மேலே போகப் போக ‘துடிப்பு’, ‘நுட்பம்’, ‘விரிந்த படிப்பு’. அந்த ஆசிரியர் யாருக்கும் வேண்டுமென்றே ஓரவஞ்சனை செய்தவர் அல்ல. நேர்மையாகத்தான் எழுதினார். கொடுமையே அதுதான்.

இதை அப்படியே வகுப்புக்குள் கொண்டுவரலாம். ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுங்கள். பள்ளியிலோ கல்லூரியிலோ ஓர் ஆசிரியர் உங்களைப் பற்றியோ உங்கள் நண்பரைப் பற்றியோ சொன்ன, இன்னும் மறக்காத ஒரு சொல்லை எழுதுங்கள், பெயர் வேண்டாம் என்று சொல்லுங்கள். சீட்டுகளை வாங்கிக் கலைத்துவிட்டுப் பலகையில் எழுதுங்கள். நான் இதைச் செய்தபோதெல்லாம் சொற்கள் தாமாகவே இரண்டு குவியலாகப் பிரிந்திருக்கின்றன. ஒரு பக்கம் ‘உழைப்பாளி’, ‘ஒழுங்கா வருவான்’, ‘அமைதியான பொண்ணு’, ‘மக்கடிப்பான்’. இன்னொரு பக்கம் ‘ஸ்மார்ட்’, ‘ஷார்ப்’, ‘பிரில்லியன்ட்’, ‘சொந்தமா யோசிப்பா’. முதல் குவியலில் இருப்பதெல்லாம் பள்ளிக்கூடம் வாய்விட்டுக் கேட்ட குணங்கள்: வா, உட்கார், படி, ஒப்பி. இரண்டாவது குவியலில் இருப்பதை எந்தப் பாடவேளையிலும் யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் மரியாதை முழுக்க இரண்டாவதற்கே.

‘மக்கடிக்கிறான்’ என்ற வசவை எடுத்து ஐந்து நிமிடம் பேசவிடுங்கள். புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுது என்று பன்னிரண்டு வருடம் பழக்கியது யார்? அப்படியே எழுதினால் ‘சொந்தச் சரக்கு இல்லை’ என்று குறை சொல்வது யார்? இரண்டும் ஒரே ஆள். பிரெஞ்சு ஆசிரியர்களும் ‘பள்ளித்தனமான எழுத்து’ என்பதைக் குறையாகவே எழுதுவார்கள். தான் கொடுத்ததை மட்டும் வைத்திருப்பவரைப் பள்ளிக்கூடமே ஏளனமாகப் பார்க்கிறது என்பதில் பூர்தியுவுக்குத் தீராத வியப்பு. உங்கள் மாணவர்களுக்கு வியப்பு வராது, கோபம்தான் வரும். வரட்டும்.

ஒரு எச்சரிக்கை. சில பயிற்சிக் கையேடுகளில் இந்தப் பாடத்துக்கென்றே ஒரு விளையாட்டு இருக்கும்: வீட்டில் ஐம்பது புத்தகத்துக்கு மேல் இருந்தால் ஓரடி முன்னால் வா, அப்பா பட்டதாரி என்றால் இன்னோரடி வா. நம் வகுப்பறையில் தயவுசெய்து இதை நடத்தாதீர்கள். கடைசி வரிசையில் நிற்கப்போவது யார் என்பது விளையாட்டு தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். சாதியும் ஊரும் தெருவும் அம்பலமாகும். கற்றுக்கொள்பவர்கள் முன்னால் நிற்பவர்கள் மட்டுமே. அளக்கப்படுகிறவரை மறுபடி அளப்பதைவிட, அளவுகோலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பதுதான் இந்தப் பாடத்துக்குப் பொருந்தும்.

அடுத்த வகுப்புக்கு ஒரு புகைப்படம் போதும். உழைத்துக் காய்ப்பேறிய, முடிச்சு விழுந்த ஒரு மூதாட்டியின் கைகள். ‘தனிச்சுவை’ என்று தமிழில் சொல்லக்கூடிய, பூர்தியுவின் 1979ஆம் ஆண்டு நூலுக்கான ஆய்வில் இப்படி ஒரு படத்தைப் பலதரப்பட்டவர்களிடம் காட்டிக் கருத்து கேட்டார்கள். தொழிலாளிகள் அந்தக் கைகளைப் பார்த்தார்கள்: ஐயோ, விரலெல்லாம் கோணிப்போய்விட்டதே, பாவம் எவ்வளவு உழைத்திருப்பாள் என்கிற மாதிரி. படித்த மேல்தட்டினர் படத்தைப் பார்த்தார்கள்: இது உழைப்பின் சின்னம், வான்கோவின் ஆரம்பகால ஓவியம் நினைவுக்கு வருகிறது, ஃப்ளோபேர் கதையில் வரும் வயதான வேலைக்காரியைப் போல என்கிற மாதிரி. உங்கள் மாணவர்களிடமும் முதலில் கருத்து கேளுங்கள், பிறகு இந்த இரண்டு வகைப் பதிலையும் சொல்லுங்கள். இரண்டில் எது உண்மைக்குப் பக்கம்? பெரும்பாலும் முதலாவது என்பார்கள். ‘நயம் பாராட்டுக’ என்று பத்து மதிப்பெண் கேள்வி வந்தால் எதற்கு மதிப்பெண்? வகுப்பு சிரிக்கும். விடை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த மூதாட்டியைப் போன்ற பாட்டி வீட்டிலேயே இருக்கிற பிள்ளைக்கு மதிப்பெண் குறைகிறது. அவரை ஓவியத்தில் மட்டும் பார்த்த பிள்ளைக்குக் கூடுகிறது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இரண்டாவது பார்வை போலி அல்ல, அதற்கும் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி எங்கே கிடைத்தது என்பதை மறைத்து, பிறவி ரசனை என்று காட்டுவதைத்தான் பூர்தியு குறிவைத்துத் தாக்குகிறார்.

இந்த இடத்தில் பூர்தியுவின் சொந்த ஊரை அறிமுகப்படுத்தலாம். அவர் 1930இல் பிரான்சின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயின் எல்லை மலைகளுக்கு அருகே, பெயார்ன் பகுதிச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். அப்பா குத்தகை விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து அஞ்சல் துறை வேலைக்குப் போனவர். ஊர்ப்பேச்சு பெயார்னே மொழி, பள்ளியில் பிரெஞ்சு. போ நகரில் விடுதியில் தங்கிப் படித்து, பிறகு பாரிஸ் போய், புகழ்பெற்ற உயர்கல்வி நிறுவனமான எக்கோல் நோர்மால் சுப்பீரியரில் தத்துவம் முடித்தவர். சுருக்கமாக, அவரும் முதல் தலைமுறைதான். இதைச் சொன்னவுடன் வகுப்பில் நிமிர்ந்து உட்காருகிறவர்களைக் கவனியுங்கள்.

போ நகரத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் அவர் எழுதினார். 1974இல் பெயார்னே மொழிக் கவிஞர் ஒருவரின் நினைவு விழா. நகர மேயர் எழுந்து பெயார்னே மொழியிலேயே பேசினார். கூட்டம் நெகிழ்ந்துபோனது. ‘நல்ல தரமான பெயார்னே’ என்று உள்ளூர்ப் பத்திரிகை மெச்சியது. பூர்தியு கேட்கிறார்: பெயார்னே மொழிக் கவிஞருக்கான விழாவில், பெயார்னே பேசுகிற மக்கள் நடுவே, அந்த மொழியில் பேசியது ஏன் செய்தியாக வேண்டும்? அரசு விழா என்றால் பிரெஞ்சுதான் என்ற எழுதாத சட்டத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்ததால்தான் அது செய்தி. மேயருக்குப் பிரெஞ்சு சரளமாக வரும் என்பது ஊருக்கே தெரியும். அதனால் அவர் இறங்கிவந்து பேசினால் அது பெருந்தன்மை. ஒரு விவசாயி அதே சொற்களை அதே மேடையில் பேசியிருந்தால், பிரெஞ்சு தெரியாதவர் என்பதோடு முடிந்திருக்கும்.

இதற்கு நம்மூர் எடுத்துக்காட்டை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, மாணவர்களே கொட்டுவார்கள். மாவட்ட ஆட்சியர் மேடையில் ‘ஏனுங்க, நல்லா இருக்கீங்களா’ என்றால் விசில் பறக்கும். காணொளி ஊரெல்லாம் சுற்றும். அதே ‘ஏனுங்க’வோடு வேலை நேர்காணலுக்குப் போகிற கோபிசெட்டிபாளையத்துப் பையனுக்கு ‘கம்யூனிகேஷன் போதாது’. நெல்லைத் தமிழும் மதுரைத் தமிழும் சினிமாவில் ரசிக்கப்படுகின்றன, கார்ப்பரேட் அலுவலக வரவேற்பறையில் திருத்தப்படுகின்றன. சொல் ஒன்றுதான், சொல்கிறவர் பையில் வேறென்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து விலை மாறுகிறது. ‘களம்’ என்ற கருத்தை இங்கே ஒரு வரியில் நுழைத்துவிடலாம். எந்த இடத்தில் எந்தச் சரக்கு செல்லும் என்று தீர்மானிக்கும் விதிகள் உள்ள வெளி என்று சொன்னால் போதும். தனிப்பாடம் எடுக்க வேண்டாம்.

இவ்வளவும் ஆன பிறகு மூன்று நிலைகளுக்கு வாருங்கள், கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். வீட்டில் வீணை இருப்பது பொருளாக உள்ள மூலதனம். காசு இருந்தால் நாளைக்கே வாங்கிவிடலாம். வாசிக்கத் தெரிவதும், கேட்டவுடன் ராகம் பிடிபடுவதும் உடலில் ஊறியது. அதற்கு வருடக்கணக்கில் நேரம் போக வேண்டும், யாரும் யாருக்கும் கையில் எடுத்துக் கொடுத்துவிட முடியாது. இசைப் பல்கலைக்கழகப் பட்டம் நிறுவனம் தந்தது. அதை வாங்கியவர் இனி ஒவ்வொரு முறையும் பாடிக்காட்டித் தன்னை நிரூபிக்கத் தேவையில்லை. உடலில் ஊறியதில்தான் விஷயமே இருக்கிறது. நேரம் போக வேண்டும் என்றால், அந்த நேரத்தில் பிள்ளை ஆடு மேய்க்கவோ தம்பியைப் பார்த்துக்கொள்ளவோ கடையில் நிற்கவோ தேவையில்லாமல் இருக்க வேண்டும். பணம் பண்பாடாக மாறும் வாசல் அதுதான்: காசு ஓய்வாகிறது, ஓய்வு பழக்கமாகிறது, பழக்கம் ‘திறமை’ என்று பெயர் வாங்குகிறது.

கர்நாடக இசை, ஆங்கிலம், ஓவியக் கண்காட்சி என்றே எடுத்துக்காட்டுகள் போனால் ஒரு தொல்லை உண்டு. பண்பாட்டு மூலதனம் என்றாலே உயர்ந்த கலை ரசனை என்று மாணவர்கள் நினைத்துவிடுவார்கள். அதை உடைக்கப் பொறியியல் கலந்தாய்வு நல்ல உதாரணம். அண்ணன், அக்கா, மாமா பையன் என்று யாராவது அதைக் கடந்திருப்பார்கள். 2018 முதல் எல்லாம் இணையவழி. ஒரே கட்-ஆஃப் வாங்கிய இருவரை வைத்துக்கொள்வோம். ஒருவரின் அம்மா கல்லூரி ஆசிரியர். போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த மதிப்பெண்ணில் மூடியது என்ற பட்டியலைப் பதிவிறக்கி, தன்னாட்சிக் கல்லூரி எது, எந்தத் துறைக்கு அங்கீகாரம் உண்டு, எதை முதலில் போட்டால் எது பின்னால் கிடைக்கும் என்று இரவு முழுக்க உட்கார்ந்து எழுபது எண்பது விருப்பங்களை வரிசைப்படுத்துகிறார்கள். இன்னொருவர் பிரவுசிங் சென்டருக்குப் போகிறார். கடைக்காரர் ‘எந்த காலேஜ்ப்பா போடணும்?’ என்று கேட்க, பேருந்து போகிற ஊர்களாகப் பார்த்துப் பத்து கல்லூரி சொல்லிவிட்டு வருகிறார். மதிப்பெண் ஒன்று, விதிமுறை ஒன்று, இணையதளம் ஒன்று. கிடைக்கும் கல்லூரி வேறு.

இரண்டாமவர் கையில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருக்கும். வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று வட்டாட்சியர் அலுவலகம் கொடுக்கும் தாள் அது. கல்விக் கட்டணச் சலுகைக்கு உதவும், உண்மையிலேயே பெரிய உதவி. விருப்பப் பட்டியலை அது நிரப்பித் தராது. பொருளாதார மூலதனத்துக்கும் பண்பாட்டு மூலதனத்துக்கும் நடுவே உள்ள கோடு எங்கே என்று கேட்கும் மாணவருக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ‘அம்மாவுக்குத் தெரிஞ்சவங்க இருந்தா அது சமூக மூலதனம் இல்லையா?’ என்று ஒருவர் மடக்குவார். ஆமாம், இரண்டும் சேர்ந்தேதான் வரும். போன் போட்டுக் கேட்க ஆள் இருப்பது சமூக மூலதனம். என்ன கேட்க வேண்டும் என்று தெரிவது பண்பாட்டு மூலதனம் என்று பிரித்துக்காட்டலாம்.

கேட்கத் தெரிவது என்றதும் அமெரிக்க ஆய்வாளர் அனெட் லரோ வருகிறார். 88 குடும்பங்களை ஆராய்ந்து, அவற்றில் 12 குடும்பங்களோடு மிக நெருக்கமாகப் பழகி 2003இல் ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு காட்சி. நடுத்தர வர்க்கக் கறுப்பினக் குடும்பத்துச் சிறுவனை அம்மா மருத்துவரிடம் காரில் அழைத்துப்போகிறார். ‘டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு யோசிச்சு வெச்சுக்கோ, எது வேணும்னாலும் கேக்கலாம்’ என்று வழியிலேயே தயார்படுத்துகிறார். பையன் உள்ளே போய், அக்குளில் வந்திருக்கும் சிறு கட்டிகளைப் பற்றித் தானே கேட்கிறான், டாக்டர் பேசும்போது குறுக்கிட்டும் பேசுகிறான். தொழிலாளிக் குடும்பங்களில் பிள்ளைகள் பெரியவர்கள் முன் அடங்கி நின்றார்கள். பெற்றோரும் மருத்துவர், ஆசிரியர் முன்னால் அதிகம் வாய் திறக்கவில்லை. நம் வீடுகளில் பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாமல் இருப்பது மரியாதை. அந்த மரியாதையோடு கல்லூரிக்கு வரும் பிள்ளையை, வகுப்பில் கேள்வி கேட்காத பிள்ளை என்று நாமே எழுதிவைக்கிறோம். லரோ எந்த வளர்ப்பையும் மட்டம் என்று சொல்லவில்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள். தொழிலாளிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சுதந்திரமாக விளையாட நேரமும் உறவுக்காரர்களோடு நெருக்கமும் அதிகம் என்றே அவர் காட்டுகிறார். நிறுவனங்கள் ஒரு வளர்ப்பு முறைக்கு மட்டும் பலன் தருகின்றன, அவ்வளவுதான்.

இறுதியாண்டு மாணவர்கள் என்றால் சுயவிவரக் குறிப்பை எடுத்துக்கொள்ளலாம். அதில் ‘பொழுதுபோக்கு’ என்ற வரியில் என்ன எழுதுவார்கள் என்று கேளுங்கள். ‘கிரிக்கெட் விளையாடுவது, பாட்டு கேட்பது’. அதற்குப் பிறகு லாரன் ரிவேராவும் ஆண்ட்ராஸ் டில்சிக்கும் 2016இல் வெளியிட்ட சோதனையைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் பெரிய சட்ட நிறுவன அலுவலகங்களுக்கு 316 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். கல்லூரி, மதிப்பெண், அனுபவம் எல்லாம் ஒன்றே. சிலவற்றில் பாய்மரப் படகு, போலோ, செவ்வியல் இசை. மற்றவற்றில் ஓட்டப் பந்தயம், தெருக் கால்பந்து, ‘கன்ட்ரி’ எனப்படும் அமெரிக்க வெகுஜன இசை. இப்படி வர்க்கத்தைக் காட்டிக்கொடுக்கும் சிறு அடையாளங்கள் மட்டும் மாறின. போலோ ஆடும் ஆணுக்கு நேர்காணல் அழைப்பு சுமார் 16 சதவீதம். தெருக் கால்பந்து ஆடும் ஆணுக்கு ஒரு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டியது. பெண்களுக்கு என்ன ஆயிற்று என்று ஊகிக்கச் சொல்லுங்கள். மேல்தட்டு அடையாளம் பெண்களுக்கு உதவவில்லை. கல்யாணம், குழந்தை என்று வேலையை விட்டுவிடுவார்கள் என்ற சந்தேகம் அவர்கள் மேல் விழுந்ததாக ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஒரே மூலதனம், கை மாறினால் மதிப்பு மாறுகிறது. பாலினத்தைத் தனி அத்தியாயமாக வைத்துக் கற்பிப்பதைவிட இந்த ஒரு விவரம் நன்றாக உறைக்கும்.

சாதியைத் தவிர்த்துவிட்டு இந்தப் பாடத்தை இங்கே நடத்த முடியாது. நடத்தினால் மாணவர்களே சிரிப்பார்கள். பூர்தியுவின் பிரெஞ்சுத் தரவுகள் வர்க்கத்தைப் பேசுகின்றன. நமக்கு வழிகாட்டியாக அஜந்தா சுப்ரமணியன் சென்னை ஐஐடியை மையமாக வைத்து 2019இல் எழுதிய ஆய்வு இருக்கிறது. தலைமுறைகளாகச் சாதி தந்த அனுகூலம், எப்படித் தனிமனிதரின் ‘மெரிட்’ ஆக உருமாறி நிற்கிறது என்பதே அதன் மையம். அதைவிடவும் பெரிய வசதி, ‘தகுதி, திறமை’ என்பது யார் வைத்த அளவுகோல் என்று கேட்கும் பேச்சு தமிழ்நாட்டு மேடைகளில் பல தலைமுறைகளாக உண்டு. முதல் வகுப்புவாரி அரசாணை வந்தது 1921இல், பூர்தியு பிறப்பதற்கு ஒன்பது வருடம் முன்பு. உங்கள் மாணவர்கள் இந்த வாதத்தைத் தாத்தா காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். அதனால் அவர்களுக்குப் பூர்தியு அந்நியர் அல்ல. ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்ளவும் விடக்கூடாது. இடஒதுக்கீடு ஒரு பரிகாரம். பூர்தியு தருவது நோய் எப்படிப் பரவுகிறது என்ற விளக்கம். ‘பூர்தியு இடஒதுக்கீட்டை ஆதரித்தார்’ என்று தேர்வில் எழுதிவைப்பார்கள், முன்கூட்டியே தடுத்துவிடுங்கள்.

நீட் பற்றிய கேள்வியும் கட்டாயம் வரும். பயிற்சி மையக் கட்டணம் பணம். அதைப் பண்பாட்டு மூலதனத்தில் சேர்க்க வேண்டாம். ஒன்பதாம் வகுப்பிலேயே தயாராக வேண்டும் என்று தெரிவதும், ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து மறுபடி எழுதினால் கேவலமில்லை என்று குடும்பம் நம்புவதும் வேறு கணக்கு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டையும் இந்தக் கோணத்தில் விவாதிக்கலாம். போட்டியிடுகிறவர்களை மாற்றாமல் போட்டியின் வட்டத்தை மாற்றுகிற ஏற்பாடு அது.

உங்கள் மாணவர் சொன்ன ‘நம்மகிட்ட இல்ல’ என்பதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓர் அரசாங்கமே அதே பொருளில் இந்தக் கருத்தைப் புரிந்துகொண்டது. இங்கிலாந்தின் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட், பள்ளிகள் மாணவர்களுக்குப் பண்பாட்டு மூலதனத்தைத் தருகின்றனவா என்று 2019இல் பார்க்கத் தொடங்கியது. அதற்கு அவர்கள் கொடுத்த விளக்கம், உலகின் ஆகச் சிறந்த சிந்தனைகளை அறிமுகப்படுத்துவது என்கிற ரீதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞரும் விமர்சகருமான மேத்யூ ஆர்னால்டிடமிருந்து எடுத்தது. எதைச் ‘சிறந்தது’ என்று யார் தீர்மானித்தார்கள் என்று கேட்கப் பிறந்த கருத்து, அந்தச் சிறந்ததைப் பிள்ளைக்கு ஊட்டும் திட்டமாக ஆகிவிட்டது. எதிர்த்திசையில், அமெரிக்காவில் தாரா யோசோ 2005இல், ஒடுக்கப்பட்ட சமூகங்களிடமும் பலமொழித் திறன், உறவு வலை, எதிர்த்து நிற்கும் பழக்கம் என்று சொத்துகள் உண்டு, அவற்றையும் எண்ணுங்கள் என்றார். மாணவர்களுக்குத் தெம்பு தரும் வாதம், அவசியம் சொல்லுங்கள். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு: எந்தக் களமும் விலை கொடுக்காத ஒன்றை மூலதனம் என்று அழைப்பதால் மட்டும் அது செலாவணி ஆகிவிடாது. இதை வகுப்பில் பட்டிமன்றமாக வைத்தால் நன்றாகச் சூடு பிடிக்கும்.

விமர்சனங்களில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம், இரண்டு போதும். பால் டிமாஜியோ 1982இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஆராய்ந்தபோது, பையன்களில் கலை ஈடுபாட்டால் பலன் அடைந்தவர்கள் எளிய, நடுத்தரப் பின்னணி கொண்டவர்கள் என்று வந்தது. வாரிசுகளுக்குத்தான் லாபம் என்ற கணக்கு எல்லா ஊரிலும் பொருந்தாது. இன்னொன்று, ரிச்சர்ட் பீட்டர்சன் 1990களில் காட்டியது: இன்றைய மேல்தட்டினர் செவ்வியல் மட்டும் கேட்பதில்லை, எல்லாவற்றையும் கேட்கிறார்கள். சபாக் கச்சேரிக்கும் போய், கானாவும் கேட்டு, இரண்டையும் பற்றிப் பேசத் தெரிந்தவர் என்று சொன்னால் மாணவருக்குச் சட்டென்று ஆள் தெரிந்துவிடும்.

கடைசியாக, தேர்வு. மூன்று வகைகளை மனப்பாடம் செய்கிறார்கள் என்று குறைப்பட்டிருந்தீர்கள். செய்யட்டும், அதோடு மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘வாரிசுகள்’ நூலின் முடிவில் பூர்தியுவும் பாஸ்ரோனும் கேட்டதே, பள்ளி சொல்லாமல் விடுவதை வெளிப்படையாகச் சொல்லிக்கொடுக்கும் கற்பித்தல் முறையைத்தான். அதனால் ஒரு வகுப்பை முழுக்க விடைத்தாளுக்கே ஒதுக்குங்கள். திருத்துகிறவருக்கு ஒரு தாளுக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும், அதில் அவர் கண் எங்கே போகும் என்று சொல்லுங்கள். முதல் பத்தியிலேயே வரையறை. நூலின் பெயருக்குப் பக்கத்தில் ஆண்டு: 1964, 1979. மூன்று நிலைகளுக்கும் துணைத்தலைப்பு, அடிக்கோடு. புத்தகத்தில் உள்ள பியானோவுக்குப் பதில் கலந்தாய்வு விருப்பப் பட்டியல். ‘சொந்தமாக யோசித்திருக்கிறார்’ என்று திருத்துகிறவரை நினைக்கவைப்பது அந்த ஒரு எடுத்துக்காட்டுதான். பழைய விடைத்தாள்களில் ஒரே உள்ளடக்கம் உள்ள இரண்டை, பெயரையும் பதிவெண்ணையும் மறைத்து நகலெடுத்துக் கொடுத்து, அவர்களையே திருத்தச் சொல்லுங்கள். ஒன்று அடித்தல் திருத்தலோடு, இன்னொன்று அழகான கையெழுத்தில் இருக்கட்டும். அவர்கள் போட்ட மதிப்பெண்களைப் பலகையில் எழுதுங்கள். வித்தியாசம் வந்தால், ஏன் வந்தது என்று போட்டவர்களே சொல்லட்டும்.